பெட்டிச் சுவர் கட்டிய லெப்டினன்ட்

ராணுவத்தில் ஒருவர் புகழுக்குப் பதவி மூப்புப் பட்டியலும் காரணமாகலாம். ஜான் சார்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளருக்கு அப்படித்தான் நடந்தது. 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் பஃபலோ ஆற்றுத்துறையான ரோர்க்ஸ் டிரிஃப்ட்டுக்கு அவர் வந்தது, படகுகளைப் பழுதுபார்க்க. பெர்முடாவிலும் மால்டாவிலும் கோட்டை வேலை பார்த்தவர். சண்டையைக் கண்ணால் கண்டதில்லை. 22ஆம் தேதி பிற்பகல் அங்கிருந்த மேஜர் வேறு முகாமுக்குக் கிளம்பும்போது, இருக்கும் இரண்டு லெப்டினன்ட்களில் மூத்தவர் யார் என்று பார்த்தார். சார்ட்தான். பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

சற்று நேரத்தில் செய்தி வந்தது: இசாண்டில்வானாவிலிருந்த பிரிட்டிஷ் முகாமை ஜூலு படை அழித்துவிட்டது, அடுத்தது இங்கேதான். நோயாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினால் வழியிலேயே பிடிபடுவோம் என்று சொன்னவர் உணவுக் கிடங்கைக் கவனித்துவந்த டால்டன். சரி என்று மக்காச்சோள மூட்டைகளை அடுக்கி அரண் எழுப்பினார்கள். ஆனால் துணைக்கு நின்ற உள்ளூர்ப் படை கலைந்து ஓடியதும் மிஞ்சியவர்கள் சுமார் 150 பேர். இத்தனை நீளச் சுவரை இவர்களால் காக்க முடியாது என்று சார்ட் கணக்குப் போட்டார். உள்ளே பிஸ்கட் பெட்டிகளை அடுக்கிக் குறுக்குச் சுவர் ஒன்று கட்டச் சொன்னார். அது இரண்டு பெட்டி உயரம் வந்தபோதே ஜூலுக்கள் வந்துவிட்டார்கள். நோயாளிகள் இருந்த மருத்துவமனை தீப்பற்றிக் கைவிட நேர்ந்தபோது, எல்லாரும் ஒதுங்கியது அந்தப் பெட்டிச் சுவருக்குப் பின்னால்தான். இரவெல்லாம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலுக்கள் மோதியும் உள்ளே இருந்தவர்கள் பிடி விடவில்லை. துணிச்சல் அங்கே பலருக்கு இருந்தது; இடத்தைச் சுருக்கத் தோன்றியது ஒருவருக்கு. என்னைக் கேட்டால், பதக்கம் அந்தக் கணக்குக்குத்தான்.

பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 17 பேர். ஜூலுக்கள் 350க்கும் மேல். காயம்பட்டுக் கிடந்த ஜூலுக்களையும் மறுநாள் கொன்றார்கள். சார்ட் உட்பட 11 பேருக்குக் கிடைத்த விக்டோரியா கிராஸ் வீரப் பதக்கங்களின் பெருமை பேசுவோர் இதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள்.

சார்ட் மளமளவென்று மேஜரானார். விக்டோரியா மகாராணி பால்மோரலுக்கு அழைத்துக் கதை கேட்டார். பதக்கம் அணிவித்த தளபதி உல்ஸ்லியோ, இவ்வளவு மந்தமான ஆளைப் பார்த்ததில்லை என்ற ரீதியில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிறகு சைப்ரஸ், சிங்கப்பூர், ஸ்காட்லாந்தின் பெர்த் என்று சத்தமில்லாத பொறியாளர் உத்தியோகம். 1897இல் நாக்கில் வந்த புற்றுநோயால் இறந்தார்.

சார்டைக் குறைத்து எடைபோட்டவர் உல்ஸ்லி மட்டும் இல்லை. 1972இல் அவருடைய விக்டோரியா கிராஸ் ஏலத்துக்கு வந்தபோது, அது நகல் என்றே பட்டியலில் போட்டார்கள். வாங்கியவர் ஸ்டான்லி பேக்கர். 1964இல் வந்த ‘ஜூலு’ படத்தில் சார்டாக நடித்தவர். நடிகருக்கு நகல் போதும் என்று நினைத்தாரோ என்னவோ! தன்னிடம் இருப்பது என்ன என்று தெரியாமலே 1976இல் காலமானார். அடுத்து வாங்கிய சேகரிப்பாளருக்கு ஏதோ நெருடியிருக்கிறது. உலோகத்தைச் சோதனைக்குக் கொடுத்தார். விக்டோரியா கிராஸ் செய்துதரும் லண்டன் ஹான்காக்ஸ் நகைக்கடையின் வெண்கலத்தோடு அது அப்படியே பொருந்தியது. இன்று ஆஷ்கிராஃப்ட் பிரபுவின் சேகரிப்பில் இருக்கிறது. நிச்சயம் நகலின் விலைக்கு வாங்கியிருக்க மாட்டார்.