கேள்வி கேட்காத பி.காம்.

பௌர்ணமி வந்தால் எங்கள் வேங்கிக்கால்காரர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. சொந்தக்காரர்கள் கிரிவலம் என்று வந்து இறங்கிவிடுவார்கள். துணைக்கு நாமும் 14 கிலோ மீட்டர் நடக்க வேண்டும். போன மாசம் மச்சான் வந்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் கூடவே கிளம்பிவிட்டாள்.

அடி அண்ணாமலை பக்கம் வரும்போது ஆரம்பித்தாள்.

"ஏம்ப்பா, நிலா நம்ம கூடவே வருது?"

எனக்கோ கால் வலி. "அதுவும் கிரிவலம் போகுது. பேசாம நட!"

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். பாப்பா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை கேள்வியைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் படிப்பது அரசுப் பள்ளி. டீச்சர் பதில் சொல்லவில்லையாம். "தெரியலையே... வாங்க, பார்த்துட்டு வரலாம்" என்று அத்தனை வாண்டுகளையும் வெளியே கூட்டிப் போய், காம்பவுண்டு ஓரமாக நேராக நடக்க விட்டிருக்கிறார். "நடந்துக்கிட்டே பக்கவாட்டுல பாருங்க. எது பின்னாடி போகுது, எது கூட வருது?"

ராத்திரி சாப்பிடும்போது எனக்குப் பாடம் நடந்தது.

"வேப்ப மரம் டக்குனு பின்னாடி போயிடுச்சுப்பா. கரண்ட் கம்பம் தள்ளி இருக்குல்ல, அது மெதுவாப் போச்சு. மலை மட்டும் கூடவே வந்துச்சு! கிட்ட இருக்கறது ஓடிடும். தூரமா இருக்கறது கூடவே வரும். நிலா மலையைவிடத் தூரம்."

எனக்குச் சாதம் இறங்கவில்லை. நிலா இருப்பது சுமார் 3,84,000 கிலோ மீட்டர் தூரத்தில். நாம் நடக்கும் 14 அதற்கு ஒரு பொருட்டா? இதை ஒரு வேப்ப மரத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாளே!

இது திடீரென்று முளைத்ததல்ல. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' ஆரம்பித்தார்கள். அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, அவர்களோடு தரையில் உட்காரும் டீச்சர். 2007 வாக்கில் அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பாடம். ஆனால் சார், அட்டையை வரிசையாக நகர்த்தினால் மட்டும் போதாது. அதுவும் ஒரு மனப்பாடம் ஆகிவிடும். ஒரு டீச்சர் 'தெரியலையே' என்று சொல்ல மனசு வைக்க வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

என் காலத்தில் யாரும் மனசு வைக்கவில்லை. நானும் இரண்டாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். "சார், பூஜ்யத்துக்கு மதிப்பே இல்லைன்னீங்க. ஒண்ணு பக்கத்துல போட்டா மட்டும் எப்படி சார் பத்தாகுது?"

"அதிகப்பிரசங்கி! ஏறு பெஞ்சு மேல!"

அன்றைக்கு மூடிய வாய். பி.காம். முடிக்கிற வரை திறக்கவில்லை. நல்ல பையன் என்று பெயர் வேறு.

சில வருஷம் முன்பு ஒரு நிதி நிறுவனத்தில் ஒரு லட்சம் போட்டால் மாசம் பத்தாயிரம் வட்டி என்றார்கள். டெபிட், கிரெடிட் படித்தவனுக்கு ஒரு கேள்வி வராமல் இருக்குமா? வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. சுற்றிலும் எல்லாரும் மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் மட்டும் கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்களோ? விழுங்கிவிட்டு நானும் போட்டேன். இரண்டு லட்சம். அதில் பாதி, என் மனைவியின் வளையல்கள்.

நாலு மாசம் வட்டி வந்தது. அப்புறம் ஷட்டர். பூஜ்யத்தின் மதிப்பு அன்றைக்குத்தான் புரிந்தது. பக்கத்தில் இருந்த 'ரெண்டு' போய்விட்டது, பூஜ்யங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன!

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா கையில இருக்கற வளையல் எல்லாம் இப்ப எங்கப்பா?"

'அதுவும் கிரிவலம் போயிருக்கு' என்று சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார வைத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

முழுசாகக் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பத்தாயிரம் எங்கேர்ந்து வரும்னு நீ கேக்கவே இல்லியாப்பா?"