பரேல் வீதியிலே

மும்பையில் மத்திய ரயில்பாதையின் பரேல் நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால் எர்னஸ்ட் போர்ஜஸ் சாலையை அடையலாம். ஒரு காலத்தில் பஞ்சாலைச் சங்கொலி கேட்டு விழித்த வட்டாரம் இது. இன்றோ, விடியற்காலையிலேயே வைத்தியக் காகிதங்களைக் கையில் ஏந்திய மக்கள் வந்து குழுமுகின்றனர். வங்காளியும் இந்தியும் ஒலிக்கும் அக்கூட்டத்தினிடையே நம் தமிழும் காதில் விழுகிறது.

இவர்கள் நாடி வருவது டாட்டா நினைவு ஆஸ்பத்திரியை. 1931-இல் ரத்தப் புற்றுநோயால் மறைந்த மெஹர்பாய் அம்மையாரின் நினைவை ஒட்டி எழுந்த எண்ணம், 1941-இல் இக்கட்டடமாக உருப்பெற்றது. 1962 முதல் இது அணுசக்தித் துறையின் ஆதரவில் நடைபெறுகிறது. பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என இருவகைப் பதிவு உண்டு. எளியவர்க்குப் பொதுப் பிரிவே துணை. தங்க இடமில்லாதார் பலருக்குத் தாதரிலுள்ள காட்கே மகராஜ் தர்மசாலை நிழல் தருகிறது. அங்கும் இடம் கிட்டாதவர் நடைபாதையிலேயே பாய் விரிக்கின்றனர்.

நெல்லைச் சீமையினின்று வந்து தாராவியில் குடியிருக்கும் இளைஞர் ஒருவரை அங்கே சந்தித்தோம். தந்தைக்குக் கழுத்தில் கட்டி. அரிதான ஒருவகை லிம்ஃபோமா என்று வேறோர் இடத்தில் கூறினராம். "அண்ணாச்சி, அப்பாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரவா, இங்கயே வச்சுப் பாக்கவா?" என்று வினவினார். பிறமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் கேள்வி இதுவேயன்றோ!

விடை ஊரின் பெயரில் இல்லை. நோயின் பெயரில் இருக்கிறது. லிம்ஃபோமா என்பது ஒரே நோயன்று. நிணநீர் மண்டலத்தில் தோன்றும் அறுபதுக்கும் மேற்பட்ட நோய்களின் குடும்பம். நம் நாட்டில் கழுத்துக் கட்டியைக் காசநோய் என்றெண்ணி மாதக்கணக்கில் மருந்துண்டு காலம் இழப்போர் உளர். ஊசியால் உறிஞ்சிய சிறு துளி பெரும்பாலும் போதாது. கூடுமானால் கணு முழுவதையும் எடுத்துச் சோதிப்பதே சிறப்பு. அந்தத் திசுவை மெழுகில் பதித்த கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டுப் பெற்று, இவ்வகை நோயை மிகுதியாகக் காணும் நிபுணரிடம் மறுபடி காட்டுதல் வேண்டும். வெறும் அறிக்கைத் தாள் போதாது.

பெயர் மாறினால் வைத்தியமும் மாறும். சிடி-20 என்னும் அடையாளம் உள்ள அணுக்களையே ரிட்டுக்ஸிமாப் தாக்கும். 2007 முதல் அதற்கு ஒத்த மருந்து நம் நாட்டிலேயே தயாராகிறது. மெல்ல வளரும் சில வகைகளுக்கு உடனே மருந்து வேண்டுவதில்லை. முறையாகக் கண்காணித்திருத்தலே சிகிச்சை. மீண்டும் தலைதூக்கும் சில பி-அணு வகைகளுக்கு, மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நிலையமும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அதற்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். எல்லா வகைக்கும் பொருந்துவதுமன்று. ஆகவே செய்தித்தாளில் கண்டதும் நிலத்தை விற்க முனைய வேண்டா.

பெயரும் திட்டமும் உறுதியான பின், மருந்தை எங்கே ஏற்றுவது என்பதை இல்லத்தின் நிலை கொண்டு முடிவு செய்யலாம். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தொடங்கிய அடையாறு நிலையமும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நம்மவர்க்கு அணிமையில் உள்ளன. பல மாத வைத்தியத்தில், கஞ்சி வைத்துத் தரும் கையும், இரவில் காய்ச்சல் கண்டால் உடன் வரும் துணையும் மருந்துக்கு நிகரானவை. சிகிச்சைக்குப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் துணைவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரிச் சான்று பெறுதல் அவசியம்.

பரேலுக்கு வருவோர் அனைவரும் பரேலிலேயே தங்க வேண்டியதில்லை. ஆனால் நோயின் சரியான பெயரை அறியாமல் எவ்வூருக்கும் வண்டியேற வேண்டா என்பதே, அன்பர்களுக்கு நாம் சொல்ல விழைவது.