பூனை நடைக்குப் போன பேனாக்காரன்

பத்திரிகை அலுவலகங்களில் எழுதப்படாத ஒழுங்கு ஒன்று உண்டு. எழுதுகிறவன் கமெராவைத் தொடமாட்டான். படம் பிடிக்கிறவன் பேனாவைத் தொடமாட்டான். மீறுவது அடுத்த வீட்டுக் கிணற்றில் கேளாமல் தண்ணீர் அள்ளுவதற்குச் சமம். இருபது ஆண்டுகளாக இந்த ஒழுங்கைக் காப்பாற்றி வந்த எனக்கு, 2014 ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை அதை மீற நேர்ந்தது.

எங்கள் படப்பிடிப்பாளர் டெங்குக் காய்ச்சலில் கிடந்தார். நகரில் மணப்பெண் அலங்காரக் காட்சி ஒன்று. விளம்பரம் தந்தவர்கள் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் கடைசிப் பக்கத்துக்கு ஒரு வண்ணப்படம் கட்டாயம் வேண்டும். ஆசிரியர் அலுவலகக் கமெராவை என் மேசையில் வைத்தார்.

"நீர் போய்ப் பொத்தானை அமத்தும். மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும்."

அது பார்த்துக்கொள்ளவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

நிகழ்ச்சி ஒரு விடுதி மண்டபத்தில் நடந்தது. அழகுக்கலைப் பயிற்சியை முடித்த பெண்கள் தத்தம் கைவண்ணத்தைக் காட்டும் மாலை. தொழில்முறை மொடல்கள் எவருமில்லை. பயின்றவர்களின் தங்கைமார், ஒன்றுவிட்ட சகோதரிகள், அயல்வீட்டுப் பிள்ளைகள் ஆகியோரே மணப்பெண்கள். வாங்குகளை நீளமாக அடுக்கி, மேலே பலகை அறைந்து, சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். முன்வரிசையில் தாய்மார் அமர்ந்து, கூறைச் சேலையின் சரிகை அசலா போலியா என்று கண்ணாலேயே உரைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குள் ஓர் இளக்காரம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. ஷெல் விழுந்த வீடுகளையும் காணாமற்போனோரின் தாய்மார் காத்துநின்ற வாசல்களையும் எழுதிய கைக்கு இப்போது சேலைக் காட்சியா என்று நினைத்தேன். பிற்பாடு வாசித்தபோதுதான் ஒரு சங்கதி தெரியவந்தது. இன்று உலகெங்கும் நடக்கும் ஃபஷன் வாரங்களின் முன்னோடி, 1943 இல் எலினோர் லம்பேர்ட் என்ற பெண்மணி நியூயோர்க்கில் தொடக்கிய 'பிரஸ் வீக்'. இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் ஜேர்மனியரின் பிடியில் இருந்ததால், அங்கு போக வழியற்றிருந்த பத்திரிகையாளருக்காகவே அமெரிக்க ஆடை வடிவமைப்பாளரை ஒன்றுசேர்த்து அந்த அம்மையார் அதை நடத்தினார். போரின் நடுவே, பத்திரிகைக்காரருக்கென்று பிறந்த சடங்கு அது. கொழும்பு ஃபஷன் வீக்கும் 2003 இல், போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிய மறு ஆண்டில்தான் தொடங்கியது. சேலையும் சண்டையும் நான் எண்ணியிருந்த அளவுக்குத் தூரத்து உறவல்ல.

கமெரா நிக்கோன் டி90. அதில் பூட்டியிருந்தது 18 முதல் 105 மில்லிமீற்றர் வரை நீளும் சாதாரண லென்ஸ். முதல் மூன்று பெண்களையும் தானியங்கி முறையிலேயே எடுத்தேன். கமெராவின் தலையில் இருந்த சின்ன ஃபிளாஷ் தானாக எழுந்து மின்னியது. பின்னால் திருப்பிப் பார்த்தால், முன்வரிசை அம்மாமாரின் கொண்டைகள் பகல்போல் விழுந்திருந்தன. மணப்பெண் இருளில் ஒரு நிழல். ஃபிளாஷை மடக்கிவிட்டு எடுத்தேன். இப்போது முகம் இருந்தது, கால்கள் புகையாயின. போதாக்குறைக்கு மேடை விளக்குகள் நிமிடத்துக்கொரு நிறம் மாற, ஒருத்தி ஊதாவாகவும் அடுத்தவள் பச்சையாகவும் வந்தார்கள்.

1990 இல் மின்சாரம் போனபின் ஜாம் போத்தல் விளக்கில் செய்தி எழுதியவன் நான். கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம் அது. குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்யத் தெரியும் என்ற கர்வம் எனக்கு இருந்தது. எழுதுவதற்கு அந்த வெளிச்சம் போதும். நடந்துவரும் பெண்ணைப் படமெடுக்கப் போதாது.

பக்கத்தில் கலியாண வீடுகளுக்குப் படமெடுக்கும் இளைஞர் ஒருவர் நின்றார். ஓடுபாதையின் முடிவில், நேர் நடுவில், நிலத்தில் பசைநாடா ஒட்டித் தன் இடத்தைக் குறித்துவைத்திருந்தார். என் அவதியைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்:

"அண்ணை, குறை நினையாதேங்கோ. ஐஎஸ்ஓவை ஆயிரத்து அறுநூறுக்குக் கூட்டுங்கோ. பொரி பொரியா வரும், பறவாயில்லை. உங்கடை பேப்பரிலை அது தெரியாது."

கடைசி வசனம் சுட்டது. ஆனாலும் கூட்டினேன்.

"ஷட்டர் இருநூற்றைம்பது. லென்ஸை முழுக்க நீட்டாதேங்கோ, நீட்ட நீட்ட வெளிச்சம் குறையும். முன்னங்காலை நிலத்திலை ஊன்றேக்கை அடியுங்கோ. தூக்கேக்கை அடிச்சால் உடம்பு கோணிப்போகும்."

இதில் முழுப் பாடமும் இருந்தது. நடை ஒரு தாளம். பாதம் பதியும் கணத்தில்தான் உடல் நிமிர்கிறது, தலை ஒரு நொடி அசைவற்றிருக்கிறது, சேலைக் கொய்யகம் ஒழுங்காக விழுகிறது. அதைக் கண்டபின் அழுத்தினால் பிந்திவிடும். முன்னைய அடியிலேயே எண்ணத் தொடங்க வேண்டும்.

எண்ணத் தெரிந்தும் என் விரல் பணியவில்லை. அதற்கான காரணம் அன்றிரவுதான் புரிந்தது. செய்தியாளன் ஏதாவது நடக்கும்வரை காத்திருக்கப் பழகியவன். கூட்டம் அமைதியாக இருக்கும்வரை அவன் குறிப்பேட்டைத் திறப்பதில்லை. கல் பறந்தால்தான் திறப்பான். ஓடுபாதையில் எதுவுமே நடப்பதில்லை. ஒரு பெண் வருகிறாள், நிற்கிறாள், திரும்பிப் போகிறாள். அந்த 'ஒன்றும் நடக்காமை'தான் அங்கே எடுக்கப்பட வேண்டிய படம். நானோ காத்துக்கொண்டே நின்றேன்.

நடந்தது. எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வந்த பெண். அரக்கு நிறக் கூறை, நெற்றிப்பட்டம், கழுத்து மறைய மாலை. பழக்கமில்லாத உயர்ந்த குதிச் செருப்பு கம்பளத்தின் மடிப்பில் சிக்கியது. ஒரு முழங்காலில் விழுந்தாள். மாலை ஒரு பக்கம் போயிற்று. தலையை நிமிர்த்தி நேராக என் லென்ஸைப் பார்த்தாள். என் விரல் தயக்கமேயில்லாமல் அழுத்தியது. மூன்று தடவை.

யாரோ சிரித்தார்கள். அவள் எழுந்து, மாலையைச் சரிசெய்துகொண்டு, மீதித் தூரத்தையும் நடந்து முடித்தாள். அந்த மீதி நடையை நான் எடுக்கவில்லை. எடுத்த மூன்றும் விழுந்திருக்கின்றனவா என்று கமெராவின் பின்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொத்தம் 212 படங்கள். அலுவலகக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது தேறியவை ஒன்பது. அவற்றில் ஐயத்துக்கிடமின்றி முதலிடம் விழுந்த படத்துக்குத்தான். கண் துல்லியம், நிறம் துல்லியம், பின்னணியில் வாயைப் பொத்திய ஒரு தாய். பக்கம் வடிவமைப்பவர் கதிரையை உருட்டிக்கொண்டு வந்தார். "இதுதானப்பா படம்! கடைசிப் பக்கம் என்னத்துக்கு, முன்பக்கத்துக்கே போடலாம்."

அவரைக் குறைசொல்ல மாட்டேன். வேறொரு நாளில் அந்த இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் யாழ்ப்பாணம் சின்ன ஊர். அந்தப் பெண் அடுத்த நாள் பஸ்ஸில் ஏற வேண்டும். அடுத்த ஆண்டு ஒரு வீட்டிலிருந்து பெண் பார்க்க வருவார்கள். இருபது வருடம் கழித்தும் 'மேடையில் விழுந்தவள்' என்றே பேர் இருக்கும். நீலச் சட்டையும் சைக்கிளுமாக நியூயோர்க் ரைம்ஸுக்குத் தெருவோர ஆடைகளைப் படமெடுத்த பில் கனிங்ஹாம், 2016 இல் தனது 87 ஆவது வயதில் காலமானவர், அதற்கு முன் வேறொரு பத்திரிகையில் இருந்தார். தெருவில் தாம் எடுத்த சாதாரணப் பெண்களின் படங்களை அவர்களைக் கேலிசெய்யும் விதத்தில் அங்கு போட்டுவிட்டார்கள் என்பதற்காக அந்த வேலையை விட்டு விலகினார். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேலையை விடும் துணிவு எனக்கு வந்திராது. "அது வேண்டாம், இதைப் போடுங்கோ" என்று, எல்லா மணப்பெண்களும் வரிசையாக நின்ற படத்தைக் கொடுத்தேன். அது சற்றுக் கலங்கல். ஓரத்தில் ஒரு பெண்ணுக்குப் பாதி முகம்தான். மறுநாள் ஆசிரியர் என்னோடு பேசவில்லை.

மூன்று நாள் கழித்து அந்தப் பெண் தாயுடன் அலுவலகத்துக்கு வந்தாள். பாடசாலை விட்டு ஓரிரு வருடம் இருக்கும். அலங்காரமில்லாத முகத்தை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தாய்தான் பேசினார்.

"தம்பி, பிள்ளை விழுந்ததை நீங்கள் எடுத்தனீங்களாம். அதை அழிச்சுவிடுங்கோ."

அவர் பார்க்கவே அழித்தேன். அந்தக் கமெராவில் குப்பைக்கூடைப் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும். கணினியில் இருந்த பிரதியையும் நீக்கினேன். கடமை முடிந்த நிம்மதியோடு நிமிர்ந்தபோது அந்தப் பெண் முதற்தடவையாக வாய்திறந்தாள்.

"நான் நடந்து வாற படம் ஒண்டு இருக்கோ, ஐயா?"

இருக்கவில்லை. அவள் நுழைந்தபோது எடுத்த ஒன்றில் விளக்கு மாறி, முகம் பச்சையாகிக் கலங்கியிருந்தது. எழுந்து நடந்ததை எடுக்கவேயில்லை. இதை எப்படிச் சொல்வதென்று நான் தடுமாற, தாய் இடையிட்டார். "இவளுக்குச் சின்னனிலை எடுத்த படம் ஒண்டுமில்லை, தம்பி. எல்லாம் மாத்தளனோடை போட்டுது. அதாலைதான் கேக்கிறாள். கூறையோடை ஒரு படம் வருமெண்டுதான் போனவள்."

வெளி விறாந்தையில் நிற்கவைத்து இப்போதே ஒன்று எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவள் தன் சட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வேண்டாமென்று தலையை அசைத்தாள்.

அவர்கள் போனபின் அந்தக் கலியாணப் படப்பிடிப்பாளரைத் தேடிப்பிடித்தேன். அவரிடம் அவளுடைய படங்கள் ஆறு இருந்தன. ஐந்தாவதில், விழுந்து எழுந்த பிறகு, ஓடுபாதையின் முடிவில் முன்னங்கால் ஊன்றி நிற்கிறாள். மாலை இன்னும் கொஞ்சம் சரிந்திருக்கிறது. முகத்தில் வெட்கமில்லை, ஒருவிதக் கோபம். நான் பின்திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கணம். பெரிதாக ஒரு பிரதி அடித்துத் தரச் சொன்னேன். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஞாயிறு காலை சைக்கிளில் கொண்டுபோனேன். பெண் வீட்டில் இல்லை. தாய் படத்தை இரு கையாலும் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். சுவரில் மாட்டுவார் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், செம்மணி வீதியால் சனம் நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது, எங்கள் அம்மா பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துவந்தவை இரண்டு. காணி உறுதி ஒன்று, கலியாண அல்பம் மற்றது. இந்தத் தாய் உள்ளே போய் அதுமாதிரியான ஒரு பையோடு வந்தார். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. படம் பைக்குப் பெரிதாயிருந்தது. முகம் மடியாத இடமாகப் பார்த்து, சேலைக் கரைக்குக் கீழே மெல்ல ஒரு மடிப்பு மடித்து உள்ளே வைத்து, வாயை முடிந்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ, தம்பி" என்றார்.