பரேல் நடைபாதையில் கேட்கப்பட்ட வழி



மும்பையில் பரேல் ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் டாக்டர் எர்னஸ்ட் போர்ஜஸ் சாலை வரும். கோவா வம்சத்தைச் சேர்ந்த புற்றுநோய் அறுவை மருத்துவர் ஒருவரின் பெயர் அது. அவர் பணியாற்றிய டாட்டா நினைவு மருத்துவமனை 1941-ஆம் ஆண்டு முதல் அங்கே நிற்கிறது. வங்காளம், பீகார், அசாம், உத்தரப்பிரதேசம் என்று தேசத்தின் எத்திசையிலிருந்தும் வியாதியஸ்தர் அங்கு வருகிறார்கள். இந்த வியாதிக்குச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. வாரங்களும் மாதங்களும் தங்க நேரிடுகிறது. அறை வாடகைக்கு வகையற்றவர்கள் நடைபாதையிலேயே தார்ப்பாய் கட்டிக்கொள்கிறார்கள். தலைமாட்டில் ஒரு துணிமூட்டை; அதன்மேல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய மருத்துவக் கோப்பு. தாங்கள் நனைந்தாலும் அந்தக் கோப்பை அவர்கள் நனைய விடுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூலை மாதத்தில் ஒரு நாள், சபையின் சகோதரி ஒருவரை மருத்துவமனையில் சந்தித்து ஜெபித்துவிட்டு அவ்வழியே திரும்பினேன். ஆறரை மணிக்குத் தாராவியில் ஜெபக்கூட்டம். கையில் வேதாகமப் பை. அப்போது முதியவர் ஒருவர், "பாயி சாஹப்" என்று அழைத்து, ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அருகில் அவருடைய மனைவி, தலையில் முக்காடிட்டு, சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். தாதரில் சந்த் காட்கே மகாராஜ் பெயரால் நடக்கும் தர்மசாலையின் முகவரி அது. புற்றுநோயாளிகள் பலருக்குத் தங்க இடங்கொடுக்கும் இடம். பீகாரிலிருந்து அன்றுதான் வந்தார்களாம். நான் நடந்துகொண்டே கையை வடக்கே நீட்டி, "நேராகப் போங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க விரைந்தேன். நல்ல சமாரியனைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான்.

அன்று இரவு மழை கொட்டியது. எனக்கு உறக்கம் வரவில்லை. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 நினைவுக்கு வந்தது. அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ரயில்கள் நின்றுவிட்டபடியால் குர்லாவிலிருந்து மார்பளவு தண்ணீரில் நடந்தேன். முன்பின் அறியாத ஒரு முஸ்லிம் தாயார் மாடியிலிருந்து, "பேட்டா, மேலே வா" என்று கூப்பிட்டார். உலர்ந்த லுங்கியும் சூடான தேநீரும் கிடைத்தன. அந்தச் சிறிய அறையில் அன்று இரவு பதினொரு அந்நியர் தங்கினோம். என் பெயரையோ மார்க்கத்தையோ அவர் விசாரிக்கவில்லை.

அப்போஸ்தலர் 28-ஆம் அதிகாரத்தில், கப்பற்சேதத்துக்குத் தப்பிய 276 பேரை மெலித்தா தீவார் மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி ஏற்றுக்கொண்டதை வாசிக்கிறோம். சுவிசேஷத்தை இன்னும் அறியாத ஜனங்கள் அவர்கள். அப்போஸ்தலனாகிய பவுல் அன்று பெற்றுக்கொள்ளுகிறவனாய் நின்றான். நானும் அப்படிப் பெற்றுக்கொண்டவன், பெற்றதை மறந்துபோனேன்.

விடிந்ததும் பரேலுக்கு ஓடினேன். அந்த முதியவரைக் காணவில்லை. தர்மசாலையிலும் விசாரித்தேன், பெயரைக் கேட்டிராதபடியால் விசாரிக்கவும் வகை தெரியவில்லை. இந்நாள்வரைக்கும் அவர்களை நான் காணவில்லை.

தேவபிள்ளைகளே, நம்மில் பலர் நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஒரு தகரப் பெட்டியோடு தாதரில் வந்து இறங்கியவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். எகிப்தில் அந்நியராயிருந்ததை நினைத்து அந்நியனில் அன்புகூரும்படி இஸ்ரவேலுக்குக் கட்டளையிட்டவர் (லேவி. 19:34) நம்மையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். டெல்லியில் வசிப்போர் எய்ம்ஸ் மருத்துவமனையின் வெளியிலும் இதே காட்சியைக் காணலாம்.

அன்றுமுதல் எங்கள் சபையார் சிலர் கற்றுக்கொண்டவற்றைச் சொல்லுகிறேன். முதலாவது, பெயரைக் கேளுங்கள். இந்தியும் மராத்தியும் அறிந்தவர்கள், மொழி தெரியாதவருக்காக வரிசையில் கூட நில்லுங்கள். உணவு கொடுக்குமுன் கேளுங்கள். சிகிச்சை பெறுவோர் சிலருக்கு வெளி உணவு ஆகாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் பேருதவி. வாலிபர் இரத்தமும் தட்டணுக்களும் தானம் செய்யலாம். கைப்பிரதியை உதவிக்கு விலையாக்காதிருங்கள்; நம் நம்பிக்கையைக் குறித்து அவர்களே கேட்கும்போது சொல்லலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, வழி கேட்பவரோடு கொஞ்ச தூரம் நடந்துபோங்கள். பரேலிலிருந்து தாதர் வெகுதூரமல்ல. அன்று நான் அவர்களோடு போயிருந்தால் ஜெபக்கூட்டத்துக்கு அரைமணி நேரம் தாமதமாயிருப்பேன், அவ்வளவுதான். அந்த அரைமணி நேரத்தையும் கர்த்தர் ஜெபமாகவே ஏற்றிருப்பார் என்று இன்று விசுவாசிக்கிறேன்.

அடுத்த முறை ஒருவர் காகிதத்தை நீட்டும்போது, கர்த்தர் நம்முடைய கால்களை நிறுத்துவாராக. ஆமென்.