இருபத்தேழாம் இரவில் நாங்கள் எங்கே இருந்தோம்?

ரமளானின் இறுதிப் பத்து வந்துவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்தில் இரண்டு இடங்களில் நள்ளிரவு வரை விளக்குகள் எரிகின்றன. ஒன்று பள்ளிவாசல், மற்றொன்று ஜவுளிக்கடை. சென்ற ஆண்டு இருபத்தேழாம் இரவில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

நோன்பு திறந்த கையோடு தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் புறப்பட்டோம். பிள்ளைகளுக்கு உடை எடுத்துக்கொண்டு தராவீஹுக்குத் திரும்பிவிடலாம் என்பது எங்கள் எண்ணம். பெருநாள் தள்ளுபடிப் பலகைகளோ எங்களைத் தளம் தளமாக ஏற்றின. ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றதால் தேவையற்ற உடையும் கூடைக்குள் வந்தது. வீடு சேரும்போது மணி பன்னிரண்டு. தொழுகை விரிப்பில் தனியே அமர்ந்திருந்த உம்மா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "ஃபித்ராவுக்கு அரிசி எடுத்தாச்சா மக்களே?" என்று மட்டும் கேட்டார்கள்.

எடுக்கவில்லை. வீட்டில் ஐந்து பேர். தலைக்கு ஒரு ஸாவு, அதாவது ஏறக்குறைய 2.5 முதல் 3 கிலோ. பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழையின் வீடு சேரவேண்டிய அந்த அரிசியின் மொத்த விலை, நாங்கள் வாங்கிய ஒரு சட்டையின் விலைக்கும் குறைவு. அதுதான் எங்கள் நினைவிலிருந்து நழுவியிருந்தது.

பெருநாளில் அழகாக உடுத்துவது தவறன்று. கடைத்தெருவில் கண்ட ஒரு மேலங்கியைப் பெருநாளுக்கு அணியலாமே என்று உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்த செய்தி புகாரியில் உள்ளது. அது பட்டு என்பதால்தான் நபியவர்கள் மறுத்தார்கள், அலங்கரிப்பதை மறுக்கவில்லை. வணிகரைக் குறைசொல்லவும் இடமில்லை. அவர்களில் நம்மவரும் உண்டு, வணிகம் ஹலாலானது. கடை நம்மிடம் காசைத்தான் கேட்டது. ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த இரவைத் தேடவேண்டிய நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் நாம்.

அந்த இலவச உடை இன்றும் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. இவ்வாண்டு ஷஃபானிலேயே உடைகளை எடுத்துவிட்டோம். ஃபித்ரா அரிசிக்கான பணத்தை உம்மாவின் கையில் முதலிலேயே ஒப்படைத்துவிட்டோம். இறுதிப் பத்தின் இரவுகளை அதற்குரிய இடத்தில் கழிக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.