பழைய பத்து கிகாபிட் கார்டும் மச்சானோட முகூர்த்த மாசமும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அதனால ஒரு பொட்டி தட்டுற கதை. அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடுங்க :-)

தங்கமணியோட தம்பி கல்யாண வீடியோ எடிட் பண்றான். ஒரு கல்யாணத்துக்கு 400 ஜிபி வரைக்கும் சேரும். எல்லாம் நாலு ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு பொட்டியில கிடக்கும். அங்கிருந்து எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு கிகாபிட் கேபிள்ல இழுத்தா நொடிக்கு 110 மெகாபைட்தான். ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உட்காரணும். புது செட்டப் வாங்க லோன் ஃபாரமே வாங்கிட்டு வந்துட்டான். "லோன்லாம் வேணாம் மாப்ளே, நான் முடிச்சுத் தர்றேன்"னு தங்கமணி முன்னாடியே வாயை விட்டுட்டேன்.

தைரியத்துக்குக் காரணம் இருக்கு. கழிச்சுப்போட்ட சர்வர்கள்ல இருந்து வந்த, இன்டெல் 82599 சிப் உள்ள கார்டு ரெண்டு கிடைச்சது. 2009-ல வந்த சிப். ஆனா அதோட டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கு. சிடி தேட வேணாம், சொருகினா போதும். ரெண்டு பக்கமும் டெபியன்.

சொருகினேன். லைட் எரியல! நான் தனியா வாங்கின ஃபைபர் மாட்யூல் டிரைவரோட பட்டியல்ல இல்லையாம். 'தெரியாத மாட்யூலையும் அனுமதி'ன்னு டிரைவருக்கு ஒரு ஆப்ஷன் உண்டு. அதை மாட்ப்ரோப் ஃபைல்ல ஒரு வரி எழுதி, ரீபூட் பண்ணினதும் பச்சை லைட். மச்சான் கை தட்டினான்.

ஐபெர்ஃப் ஓட்டிப் பாத்தா மூணு கிகாபிட் சொச்சம். பத்து எங்கேப்பா? பாக்கெட் அளவை 9000 ஆக்கினேன், பஃபரைக் கூட்டினேன், ஃபைபரை மாத்தினேன். மணி ரெண்டு. "மாமா, லோனே போட்டுடவா?"ன்னான், தயங்கித் தயங்கி. அதுதான் சுருக்குன்னு குத்துச்சு.

கடைசியில கெர்னல் லாகை முதல்ல இருந்து நிதானமா படிச்சேன். அதுல அப்பவே எழுதியிருந்துச்சு: ஸ்லாட்டுல கிடைக்கிறது நாலு கிகாபிட்தான்னு. பச்சை லைட் வந்த சந்தோஷத்துல நான்தான் படிக்கல. டிஸ்க் பொட்டியில நான் சொருகின ஸ்லாட் பாக்கத்தான் நீளம், உள்ளே ஒத்தை லேன்! இந்தக் கார்டு எட்டு லேன் கேக்கும். ஒரு லேனுக்கு நாலு கிகாபிட், அதுலயும் மேல்செலவு போக மூணு சொச்சம். கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு.

அந்தப் பொட்டிக்கு மானிட்டரே கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டைக் கழட்டிட்டு அந்த இடத்துல இதை வெச்சேன். 9.4 கிகாபிட்! நிஜமா காப்பி பண்ணும்போது டிஸ்க்குக்கு அவ்வளவு வேகம் கிடையாது. நொடிக்கு சுமார் 400 மெகாபைட். ஆனாலும் ஒரு மணி நேரம் பதினேழு நிமிஷமாச்சு.

இன்னொண்ணு: இது சர்வர் கார்டு, விசிறிக் காத்துல வாழ்ந்த பொழப்பு. வீட்டுப் பொட்டியில ஹீட்சிங்க் தொட முடியாத சூடு. சின்ன ஃபேன் ஒண்ணை கேபிள் டையால கட்டி விட்டேன்.

காலையில மச்சான்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன், "நேத்து ராத்திரி வீணானது என்னாலதான்டா, கார்டு மேல தப்பில்ல"ன்னு. அவன் சிரிச்சுக்கிட்டே லோன் ஃபாரத்தோட பின்பக்கத்தைக் காட்டினான். அந்த ஒரு வரி ஆப்ஷனையும் எந்த ஸ்லாட்டுங்கறதையும் அதுல குறிச்சு வெச்சிருக்கான்.

தங்கமணி ஒண்ணும் சொல்லல. காபி மட்டும் ரெண்டாவது டம்ளர் வந்துச்சு :-)