ஹாலேயில் எழுத்துக் கூட்டிய நாட்கள்

சனி, இரவு

பொறையாரில் கிளம்பி இரண்டாம் நாள் ஹாலே வந்து இறங்கினேன். ஜெர்மனியின் கிழக்கே, சாலே ஆற்றங்கரை ஊர். விடுதி அறையில் கட்டில், மேசை, ஒரு ஜன்னல். மெத்தை இருந்தது, விரிப்பு இல்லை. அம்மா கடைசி நேரத்தில் பெட்டியில் திணித்த பருத்திப் புடவையை விரித்துப் படுத்தேன். வீட்டு அலமாரியின் வாசம் அதில் அப்படியே இருக்கிறது.

ஞாயிறு

தெரு முழுக்க நடந்தும் ஒரு கடை திறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் கிடையாது என்று படித்திருந்தேன்; பசித்தபோதுதான் அது உறைத்தது. பக்கத்து அறை மதுரை அக்கா, "ஸ்டேஷனுக்குள்ள கடை இருக்கும்டி, வா" என்று கூட்டிப் போனார். அரிசி, பால், தயிர் என்று வாங்கி வந்தேன். சாதத்தில் பிசைந்தால் தயிர் கரையவில்லை, திப்பி திப்பியாக நின்றது. அது குவார்க்காம். பாலாடைக்கட்டி வகை. டப்பாவின் மேலேயே பெரிதாகப் போட்டிருக்கிறது. பார்த்துப் பழகிய எழுத்துதானே என்று படிக்காமலே எடுத்திருக்கிறேன்.

புதன்

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். விடுதியில் கையெழுத்திட்டுத் தந்த தாளோடு, அக்காவையும் கூட்டிப் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்த அலுவலர் கேட்டதில் என் பெயர் மட்டும்தான் புரிந்தது. மீதிக்கெல்லாம் அக்கா பதில் சொன்னார். பதினாறு வருஷம் படித்தவள், படிவத்தில் எங்கே கையெழுத்து என்று விரல் காட்டச் சொல்லிப் போட்டேன். எங்கள் தெருப் பாட்டி பென்ஷன் தாளை என்னிடம் நீட்டும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. இனி ஊருக்குப் போனால் அந்தத் தாளை முழுக்க அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

வெளியே வந்து காலித் தண்ணீர் பாட்டிலைக் குப்பையில் போடப் போனேன். அக்கா கையைப் பிடித்தார். "காசுடி அது." கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும். என் படிப்பு விசாவுக்காக அப்பா கடன் வாங்கி பிளாக்டு அக்கவுன்ட்டில் கட்டிய 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 என் கைக்கு வரும். பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் வகுப்பு

அட்டவணையில் பத்து மணி, பேராசிரியர் வந்தது பத்தேகாலுக்கு. அந்தக் கால் மணி இங்கே பழைய வழக்கம். பாலிமர் பாடம் ஆங்கிலத்தில்தான், பிடித்துக்கொள்ள முடிகிறது. முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். கைதட்டலுக்குப் பதில் அது. தகரக் கொட்டகையில் மழை இறங்கிய மாதிரி இருந்தது. நானும் தட்டினேன்.

புள்ளி

மாலையில் ஜெர்மன் வகுப்பு. 'ஷோன்' என்றால் ஏற்கெனவே. அதே சொல்லில் ஓகாரத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் அழகு. நம் எழுத்தில் புள்ளி வைத்தால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும்; இங்கே புள்ளி உயிரின் ஒலியையே திருப்பிவிடுகிறது. உதட்டைக் குவித்து 'ஏ' சொல் என்கிறார் ஆசிரியை. இருபது தரம் சொன்னேன். இன்னும் வரவில்லை.

பிராங்கே வளாகம்

1698-இல் பாதிரியார் பிராங்கே கட்டத் தொடங்கிய அநாதை இல்லம் இன்றும் நிற்கிறது. ஹாலேயில் படித்த மதபோதகர் சீகன்பால்கு 1706-இல் எங்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வயது 24 கூட நிறையவில்லை. பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பிறகு இந்த ஹாலேயில் தமிழ் அச்செழுத்துகளை வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள். அவை பெரிதாக இருந்ததால் தாள் நிறையச் செலவாயிற்று. சிறிய எழுத்துகளை வார்த்தது பொறையாரில். எங்கள் ஊரில்!

இதெல்லாம் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது. இந்த முற்றத்தில் நிற்கும்போது அந்த மணல்தான் கண்ணுக்குள் வருகிறது. நாலைந்து வயதுக் குழந்தைகள் நடுவே ஒரு வளர்ந்த மனிதர், 'அ' போட்டு அழித்து, மறுபடி போட்டுக்கொண்டு. புதன்கிழமை அலுவலகத்தில் எனக்கு ஏற்பட்ட கூச்சம் இங்கேதான் என்னை விட்டது. தெரியாத எழுத்தின் முன் யாரும் குழந்தைதான். உட்கார்ந்து எழுத வேண்டியதுதான்.

அக்டோபர் கடைசி ஞாயிறு

இரவோடு இரவாகக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போய்விட்டது. ஊரோடு இருந்த மூன்றரை மணி வித்தியாசம் இனி நாலரை. "இன்னும் தள்ளிப் போயிட்டியா" என்றார் அம்மா. "இல்லம்மா, நீ தூங்கப் போறதுக்குள்ள கூப்பிடுறேன்" என்றேன்.

திங்கள்

கடையில் டப்பாவை எடுக்கும் முன் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நா-டூர்-யோ-குர்ட். இரவு தயிர்சாதம்.